தண்ணீரைக் குறைத்தல்

எட்டு மாதமாய் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலேயே
நின்றுகொண்டிருந்தாள் பிலோமினா.
நிற்கட்டும் என்று விட்டுவிட்டு
நந்தி மலை அடிவாரத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன்.
எண்ணூறு ரூபாய்க்கு ஐந்து கிளாஸ் வைன்,
துப்புவதற்கு ஒரு பித்தளை வாளி.

கறுப்பு மிளகு தெரிகிறதா என்றான்
சுற்றிக்காட்டிய பையன், ஹர்ஷித்.
தெரியவில்லை. தலையாட்டினேன்.
நோட்டை எடுத்தது பிறகுதான்,
கொடி வரிசைக்குள் நடக்கையில்
சும்மா ஒரு பேச்சுக்கு அவன் சொன்னபோது:
"காய் நிறம் மாறுறப்ப தண்ணியைக் குறைச்சிடுவோம் மேடம்.
கொஞ்சம் தவிக்கணும்.
அப்பத்தான் பழத்துல சரக்கு ஏறும்."

ஹெப்பாள் மேம்பாலத்தில் ஒன்றேகால் மணி நேரம்.
வண்டி நகர்வதற்குள்
பிலோமினாவின் வேலையைப் பிடுங்கினேன்,
தங்கையின் கடிதங்களை நிறுத்தினேன்,
வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரரை
மாடிப்படி ஏறவைத்தேன்.
முதல் தடவையாக
என்னைக் கேட்காமல் வாய் திறந்தாள்.
அதுவும் கெட்ட வார்த்தை.

ராத்திரி பதினொன்று, ஃபிரேசர் டவுன்.
டேங்கர் இன்றைக்கும் வரவில்லையாம்.
குழாயைத் திறந்தால் காற்று இருமுகிறது.
கழுவாத கையோடு எழுத உட்கார்கிறேன்.
நாக்கின் ஓரத்தில்,
இவ்வளவு தாமதமாக,
மிளகு.