சிவப்புக் காலுறை

ஹில்யாவுக்கு எண்பத்தாறு.
தாபா சந்திப்பில் முப்பத்தோரு வருடம்
தண்டவாளம் பார்த்தவள்.
சுத்தியலால் தட்டி, காது கொடுத்து,
எந்த சிலீப்பர் கட்டை உளுத்தது என்று
நடந்துகொண்டே சொல்வாளாம்.

பறவைகளுக்குத் தானியம் வைக்கப் போய்
வாசற்பனியில் சறுக்கினாள்.
இடுப்பு. இடது பக்கம்.
மறுநாளே திருகாணி போட்டார்கள்.
ராக்வெரே ஆஸ்பத்திரியில்
எழுப்பி நிறுத்தி நடக்க வைப்பது என் வேலை.

ஆறாம் நாள், "வலிக்குது" என்றாள்.
வலிக்கத்தான் செய்யும் என்றேன்.
"இது வேற வலி."
வாக்கரை இன்னும் நாலடி தள்ளி வைத்தேன்.
அட்டையில் எழுதினேன்:
பன்னிரண்டு மீட்டர். ஒத்துழைப்புக் குறைவு.

அன்றிரவு புத்தி தடுமாறியது.
வழுக்காமலிருக்க நாங்கள் மாட்டிவிட்ட
சிவப்புக் காலுறையில் ஒன்றைக் கழற்றித்
தலைக்கு மேல் ஆட்டினாளாம்.
மருந்து வண்டியைத் தள்ளி வந்த மார்யு
நடைவழியிலேயே நின்றுவிட்டாள்.
"நில்லு, நில்லு! பாதை உடைஞ்சிருக்கு.
டாலினுக்குத் தகவல் சொல்லு."

சிரித்தோம், அன்பாகத்தான்.
சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினோம்.
கிருமி இருந்தது.
காரணம் கிடைத்துவிட்டது, போதும்.
மாத்திரை கொடுத்தோம், தூங்கினாள்.
காலையில் பதினான்கு மீட்டர் நடத்தினேன்.

மூன்றாம் வாரப் படத்தில்
திருகாணி எலும்பின் தலையைத் துளைத்து
அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது,
கோணியைக் கிழித்த குத்தூசி மாதிரி.

டாக்டர் லெம்பிட் திரையைத் திருப்பிக் காட்டினார்.
கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.
புத்தி இப்போது தெளிவு.
"ஆணி மேல தப்பில்ல. கட்டை உளுத்துப்போச்சு.
உளுத்த கட்டையில மறுபடி முறுக்கினா
முறுக்குறவனுக்குத்தான் பைத்தியம்.
கட்டையை மாத்துங்க."

மாற்றலாம். ஆனால் இதயம்,
சளி கட்டிய நுரையீரல்,
குதிகாலில் காசளவு படுக்கைப்புண்,
இன்னொரு மயக்க மருந்தைத் தாங்குமா உடம்பு...
அவர் விரல் மடக்கிக்கொண்டே போனார்.
"சரக்கு வண்டி ஓடணுமா வேண்டாமா?"
என்றாள்.

வெள்ளிக்கிழமை என்று முடிவானது.

வியாழன் மாலை, என் வேலைநேரம் முடிந்தபிறகு,
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
அந்த ராத்திரி ஞாபகமிருக்கா?
"இல்லையே. என்ன பண்ணினேன்?"
சொன்னேன். காலுறை, மருந்து வண்டி, டாலின்.
ஜன்னலில் இருட்டிக்கொண்டு வந்தது, மூன்றரை மணிக்கே.
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"வண்டி நின்னுதா?"

மார்யு நின்றாள் என்றேன்.
மீதிக்கு வாய் வரவில்லை.
வலிக்காத காலில்
நழுவிக் கிடந்த உறையை
இழுத்துச் சரிசெய்துவிட்டேன்.