இரண்டு அச்சு, நான்கு கிலோமீட்டர் வேகம்

பன்னிரண்டு வீடுகள். கோப்பில் அவ்வளவுதான்.
கிளேர் கவுண்டியின் மேற்கே
ஒரு மழை ஓய்ந்ததும் அடுத்த மழைக்குத்
தயாராகிவிடும் ஒடுங்கிய சாலை.
அகலம் நான்கு மீட்டர் இருபது;
நடுவில் முளைத்த புல்லைக் கழித்தால்
அதுவும் இல்லை.

குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களை
ஆணியடித்துவிட்டு வந்தேன்.
ஏழு நாள். சக்கரம் மிதிக்க மிதிக்கக்
குழாயின் மூச்சு பெட்டிக்குள் ஓடி
எண்ணாகி உட்காரும்.

எட்டாம் நாள் பிரித்துப் பார்த்தேன்.
தபால் வேன். பள்ளிப் பேருந்து.
ஞாயிறு பூசைக்குப் போன கார்கள் பதினேழு,
திரும்பியவை பதினாறு.
(அந்த ஒன்று எங்கே என்பது என் வேலை அல்ல.)
பிறகு தினமும் காலை ஆறு நாற்பதுக்கு
ஐம்பத்து மூன்று வாகனங்கள், ஒன்றன்பின் ஒன்றாக,
இரண்டு அச்சு,
நான்கு கிலோமீட்டர் வேகம்.

"கருவிக் கோளாறு, நீக்கிவிடுங்கள்" என்றார்
வீடு கட்டும் கம்பெனியின் ஆலோசகர்.

நேரில் போனேன்.
வளைவில் முதலில் வந்தது ஆவி,
அதன் பின்னால் பசுக்கள்.
முன்னங்கால்கள் ஓர் அச்சு, பின்னங்கால்கள் ஓர் அச்சு,
அரசாங்கக் குழாயை அவசரமின்றி மிதித்து
பால் கறக்கப் போயின.
கடைசியில் கான்சிடைன், கையில்
நீலக் குழாய்த் துண்டு.
"எத்தனை வந்தது உன் பெட்டியில்?"
ஐம்பத்து மூன்று.
"ஐம்பத்து நான்கு. ஒன்றுக்குக் கால் சரியில்லை,
அது புல்லில் நடக்கும்."

படிவத்தில் கார், வேன், பேருந்து, சைக்கிள்.
கடைசிக் கட்டம்: மற்றவை.
ஐம்பத்து நான்கு என்று எழுதினேன்.
ஆதாரம் என்ற இடத்தில்: பார்த்தது.

நுழைவாயில்.
சாலை விளிம்பிலிருந்து இரண்டரை மீட்டர் பின்வாங்கி
கார் ஓட்டுபவரின் கண் உயரத்துக்குக் குந்தினேன்.
இடப்பக்கம் நாற்பத்தைந்து மீட்டர் தெரிய வேண்டும்.
தெரிந்தது முப்பத்தொன்று,
மிச்சமெல்லாம் பூத்த முள்வேலி.
அகற்றுக என்று எழுத ஒரு சொல் போதும்.
ஆனால் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டுதான்
பழைய சுண்ணாம்புச் சூளையிலிருந்து
லாட மூக்கு வௌவால்கள் இரைக்குப் போகின்றன.
வேலி போனால் அவற்றுக்கு வழி போகும்,
விளக்கு வந்தாலும் போகும்
என்று ஒரு கடிதம் கோப்பில் இருக்கிறது.
வாசலை மேற்கே தள்ளலாம்.
தள்ளினால் குப்பை லாரி
மூன்று முறை முன்பின் ஆடித்தான் திரும்பும்.
ஆடட்டும்.

விளக்கு மட்டும் பாக்கி.
இரவு பதினொன்று இருபது, கடைசிப் பேருந்து.
லக்ஸ் மீட்டர் சுழியத்தைக் காட்டிக்கொண்டு
என் கையில் வெறுமனே ஒளிர்ந்தது.
முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து
இறங்கினாள் எத்னா ஹெஹிர்.
வரைபடத்தை அவள் கைபேசி வெளிச்சத்தில் காட்டினேன்:
ஏழு கம்பங்கள், ஒன்று அவள் வாசலுக்கு நேரே.

"என் தலைக்கு மேலே வேண்டாம்.
அப்போது என்னை எல்லோருக்கும் தெரியும்,
எனக்கு யாரையும் தெரியாது.
அந்த வளைவில் ஒன்று போதும்.
அங்கே நிற்பது யார் என்று
இங்கிருந்தே பார்த்துவிட்டால் போதும்."

வளைவில்தான் வேலி.
வேலியில்தான் வௌவால்.

ஆறு கம்பங்களை அடித்தேன்.
மிஞ்சிய ஒன்றைக் குட்டையாக்கி
வேலிப்பக்கம் முகத்தை மறைத்து
மஞ்சள் ஒளி, ஆள் வந்தால் மட்டும் விழிக்க,
என்று பென்சிலில் எழுதினேன்.
கடிதம் எழுதியவர் சம்மதிப்பாரா தெரியாது.

"எப்போது வரும்?" என்றாள்.
அது என் கட்டத்தில் இல்லை என்றேன்.
சரி என்று நடந்தாள்.
அவள் காலடியை எண்ணிக்கொண்டு நின்றேன்,
தொண்ணூற்றிரண்டு வரை கேட்டது.
வளைவுக்கு அப்பால் ஒன்றுமில்லை.
அதையும் ஓரத்தில் குறித்தேன்,
எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரியாமல்.