பதினோராவது டேக்

ஒப்பனையைக் கழுவிவிட்டு வந்தாள் ஸொரானா.
பிறகு, கழுவியது தெரியும்படி
கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கருமை தீட்டினாள்.
நாற்காலி வேண்டாம் என்றாள், தரை போதும்.
சாம்பல் நிற ஸ்வெட்டர்,
விரல் நுனிவரை தொங்கும் கை.
"மூன்று நாள் மௌனமாக இருந்தேன்"
என்று தொடங்கினாள்.

அந்த மூன்று நாளும்
இந்த ஒரு வரியைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

ஜன்னலுக்கு வெளியே யாஷ் நகரத்து டிராம்
பனிச்சேற்றை அரைத்துக்கொண்டு போகும்போதெல்லாம்
நிறுத்தச் சொல்வேன்.
அழுகையைப் பாதியில் நிறுத்தி
டிராம் போனபின்
விட்ட சொட்டிலிருந்து தொடரத் தெரிந்தவள்.
அதைத் திறமை என்றுதான் நினைத்திருந்தேன்.

வாலெரியுவின் வீடியோ நாற்பத்தோரு நிமிடம்.
ஏப்ரலில் வாய்க்காலிலிருந்து மீட்ட நாய்க்கும்
அக்டோபரில் மீட்ட நாய்க்கும்
இடது காதில் ஒரே கிழிசல்.
சிவப்பு வட்டம் போட்டு, அம்பு போட்டு,
படத்தை நிறுத்தி நிறுத்தி
"இதைச் சொல்ல எனக்கே வலிக்கிறது" என்கிறான்.
வலிக்கு நடுவே ஒரு நிமிடம்
மெத்தை விளம்பரம்.

எங்கள் பதிலுக்கும் ஒரு சூப் கம்பெனி கேட்டது.
"இந்த ஒன்றில் மட்டும் வேண்டாம்" என்றாள்.

என் வேலை மூச்சுகளை வெட்டுவது.
நீண்டதை விட்டுவைப்பேன், குட்டையை எடுத்துவிடுவேன்.
ஏழாவது டேக்கில், தன்னை மறந்து,
"ஏப்ரல் நிஜம்" என்றாள்.
நிஜம்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.
யாரோ ஒரு பள்ளிக்கூடப் பையன் கரையிலிருந்து எடுத்த
நடுங்கும் பதினேழு நொடி.
அன்று யாரும் எண்ணவில்லை.
பார்த்தவர்கள் இருநூறு பேர்.

ஏப்ரல் நிஜம் என்றால்
அக்டோபர் என்ன என்று கேட்பார்கள்.
வெட்டினேன்.

நள்ளிரவு தாண்டி, பழைய ஹார்ட் டிஸ்க்கில்
அக்டோபரின் வெட்டாத காட்சி கிடைத்தது.
வாய்க்கால் ஓரம். ஒரு கை. கையில் நாய்.
கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்:
மூன்று. இரண்டு. ஒன்று. விடு.

வாலெரியுவின் குரல்.
அப்போது அவன் எங்களோடு இருந்தான்,
மூன்று மாதச் சம்பள பாக்கியோடு.

ஸொரானா எழுந்தேவிட்டாள்.
"போடு இதை. அப்படியே போடு.
யார் குரல் என்று உலகம் கேட்கட்டும்."
நான் திரையில் கையைத் தொட்டுக் காட்டினேன்.
கையில் மோதிரம்.
அதே மோதிரம் அப்போது
என் தோள்மேல் இருந்தது.
எடுத்துக்கொண்டாள்.

குரலை வைத்துக்கொண்டு
கையை மட்டும் வெட்ட முடியுமா என்றாள்.
முடியும்.
எதையும் எதிலிருந்தும் வெட்டலாம்.
சரியான இடம் தேடி
ஒலியைக் கூட்டி மறுபடி ஓட்டினேன்.

மூன்று, என்றது ஸ்பீக்கர்.
மேசைக்கடியில் தூங்கிக்கொண்டிருந்த கிரிவெய்,
குறட்டையால் இரண்டு டேக்குகளைக் கெடுத்தவன்,
தலையைத் தூக்கினான்.
இரண்டு.
கிழிந்த காது பின்னால் போய் ஒட்டிக்கொண்டது.
ஒன்று வருவதற்குள்
மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

திரை இருண்டபின்னும் விடவில்லை.

"கிரிவெய், இங்கே வா,
ஒன்றுமில்லை, வா" என்றாள் ஸொரானா.
பத்து டேக்குகளிலும் கேட்காத குரல் அது.
அவன் அவளைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்ப்பதுபோல,
பிறகு என் காலடிக்கு வந்தான்.
நான் மட்டும் என்ன.

கேமரா ஓடிக்கொண்டே இருந்ததைக்
காலையில்தான் கவனித்தேன்.
பதினொன்று என்று பெயரிட்டு வைத்திருக்கிறேன்.
பத்து மணிக்கு வெளியிட வேண்டும்.
மணி ஒன்பதே முக்கால்.
ஸொரானா உள்ளறையில் தூங்குகிறாள், அல்லது தூங்கவில்லை.
இன்னும் ஒரு மூச்சையும் வெட்டவில்லை.
விடியற்காலை முதல் டிராமின் சத்தம்கூட
அப்படியே இருக்கிறது.