தூதன்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே
கைவிட்ட கல்குவாரி.
வெடிவைத்துப் பிளந்த படிகள்
அரைவட்டமாய் இறங்கிக் குளத்தில் முடியும்.
மாசியில் அதில் தண்ணீர் இல்லை.
அங்கேதான் கிரேக்க நாடகம்,
மைக் இல்லாமல்.

கூட்டம் கூடினால் ஆம்புலன்ஸ் ஒன்று நிற்கவேண்டும்
என்பது பஞ்சாயத்து உத்தரவு.
அப்படித்தான் நான் வந்தேன்.
மேல்படியில், சாவி கையில்.

பன்னிரண்டு பெண்கள், கமுகம்பாளை முகமூடிகள்.
பகலில் குடும்பஸ்ரீ ஓட்டலில் இட்லி ஊற்றுகிறவர்கள்
இப்போது ஒரே குரலில் ஒரு நகரம்.
மலையாளத்தில் அழுதார்கள்.
பாதி புரிந்தது. அழுகை என்பதால் மீதியும்.

ராணி, நல்லேப்பிள்ளி ஸ்கூலின் கணக்கு டீச்சர் லதிகா,
மகன் போன வழியைப் பார்த்தபடி
ஒரு மணி நேரமாய் நிற்கிறாள்.
அவன் வரமாட்டான் என்று
கீழ்ப்படியில் கடலை தின்கிற பையனுக்கும் தெரியும்.
காற்று மட்டும் கணவாய் வழியே புகுந்து
லாரி ஹாரனையும் கள்ளு வாசத்தையும்
அள்ளிவந்து மேடையில் கொட்டியது.

அப்புறம் அவன் வந்தான்.
நோட்டீஸில் அவனுக்குப் பெயர் கிடையாது:
தூதன் என்று மட்டும்.
எல்லை தாண்டி வருகிறவன் என்பதால்
தமிழ் பேசவைத்திருந்தார்கள்.
நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
என் டிரிப் ஷீட்டிலும் அப்படித்தான்:
ஓட்டுநர்.

சாவை மேடையில் காட்டமாட்டார்களாம்.
எங்கோ நடக்கும்; ஒருத்தன் ஓடிவந்து சொல்வான்.
விளக்கிய வாலன்டியர் பையனிடம்
எனக்கு அது தெரியும் என்று சொல்லவில்லை.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது சைரன்.
திரும்பும்போது இல்லை.
அந்த அமைதியிலேயே தெருவுக்குப் பாதி தெரிந்துவிடும்.
மேனோன்பாறையில் ஒரு வீட்டில் மட்டும்
கதவைத் திறந்த அம்மா
'டீ குடிக்கிறீங்களா தம்பி' என்றாள்.
குடித்தேன்.
சர்க்கரை அதிகம்.
டம்ளர் காலியாகும்வரை
அவளுக்கு ஒரு மகன் இருந்தான்.

இவன் அப்படியில்லை. வந்ததும் சொல்லிவிட்டான்.
சொன்னபிறகும் நிறுத்தவில்லை:
எந்தப் பாறை, எந்தக் கால் முதலில் வழுக்கியது,
விழும்போது வாயில் என்ன பெயர்.
நான் அதெல்லாம் சொன்னதில்லை.
கேட்பார்கள், தண்ணி கேட்டானா என்று.
'கேட்டாரு, குடிச்சாரு.'
எல்லோருக்கும் அதே பதில்.

லதிகா டீச்சர் கத்தவில்லை.
பாளைக்குள் என்ன நடந்ததோ.
முந்தானை மட்டும்
படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது,
யாராவது பிடித்து நிறுத்தமாட்டார்களா என்றிருந்தது எனக்கு.

முடிந்ததும் தூதன் வண்டிக்கு வந்தான்.
தொண்டை கட்டிவிட்டதாம், வெந்நீர் வேண்டுமாம்.
எடைமேடையில் பில் போடுகிற சுதீர்தாஸ்!
ஸ்ட்ரெச்சர் ஓரத்தில் உட்கார்ந்து
முகத்தைக் கழற்றினான்.
நெற்றியில் பாளையின் வரி.
'எப்படிண்ணா இருந்துச்சு?'

நல்லா இருந்துச்சு என்றேன்.
ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
'ஆனா மொதல்ல அவங்கள
உக்காரச் சொல்லியிருக்கணும்.'