ஆறு அங்குலம்

சோகநாசினி அபார்ட்மெண்ட்ஸ், சித்தூர், பாலக்காடு.
பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரை
எங்களுக்கு வைத்துவிட்டுப் போனார் கட்டியவர்.
துயரத்தை அழிப்பவள் என்று பொருளாம்.
பதினாறு வீடு, ஒரு மோட்டார்.
செயலாளர் நான்,
யாரும் கை தூக்காத கூட்டத்தில்
தும்மியதால் தேர்வானவன்.

இரண்டு சி, மெகருன்னிசாவின் குளியலறைக் கூரையில்
ஒரு கறை.
மிதுனத்தில் அப்பளம் அளவு,
கர்க்கடகத்தில் முறம்.
தொழுகைக்குக் கைகால் அலம்பி நிமிர்ந்தால்
உச்சந்தலையில் ஒரு சொட்டு.
யார் வீட்டுத் தண்ணீர் என்று தெரியாமல்
அது சுத்தமா இல்லையா என்று யாரைக் கேட்பது?

மேலே மூன்று சி, சுகதன்.
மின்வாரியத்தில் மீட்டர் படித்து ஓய்ந்தவர்.
'எங்க பாத்ரூமில் வெள்ளமே இல்ல' என்றார்.
குறிப்பேட்டில் அப்படியே தமிழில் எழுதிவிட்டேன்:
மூன்று சி-யில் வெள்ளம் இல்லை.
கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த நான்கு ஏ
பதறிப்போய்க் கேட்டார்:
'வெள்ளம் வேற வருமா இங்க?'

நடுவில் ஆறு அங்குலம் சிமெண்ட்.
சுகதனுக்குத் தரை,
மெகருன்னிசாவுக்குக் கூரை.
நாற்பத்திரண்டு பக்க விதிப் புத்தகத்தில்
நாய்க்கு ஒரு பக்கம்,
துணி காயும் கொடிக்கு ஒன்றரை,
அந்த ஆறு அங்குலத்துக்கு ஒரு வரி இல்லை.

எனக்குக் கடிதம் எழுத வரும்.
பதினொன்று எழுதினேன்.
'தயவுகூர்ந்து' என்று தொடங்கி
'தவறும் பட்சத்தில்' என்று முடியும்.
ஒவ்வொன்றுக்கும் மலையாளத்தில் பதில் வந்தது.
கறை இரண்டு மொழியும் படிக்காமல்
கண்ணாடி வரைக்கும் இறங்கியது.

நான்காவது கூட்டத்தில்
ஜெனரேட்டர் டீசல் பாக்கி வந்தது,
யாரோ யார் மகள் கல்யாணத்துக்கோ வராதது வந்தது,
வால்வை மூடுவேன் என்றார் ஒருவர்,
மச்சான் வக்கீல் என்றார் இன்னொருவர்.
அதுவரை பேசாத மெகருன்னிசா எழுந்தார்.
கைப்பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து
மேசைமேல் வைத்தார்.
சொட்டு நீலம்.
வெள்ளைச் சட்டைக்குப் போடுவோமே, அது.

'இத மேல ஊத்துங்க.
கீழ நீலமா விழுந்தா அவங்க வீடு.
விழலேன்னா அவங்க இல்ல.'

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
'இதுக்கு விதியில் இடமிருக்கா?' என்றார் வக்கீலின் மச்சான்.

சுகதன் தானே ஊற்றினார்.
இரண்டு பக்கெட், மூடியால் அளந்து,
மணி குறித்து.
இரண்டு நாள் அண்ணாந்து பார்த்தோம்.
விழுந்ததெல்லாம் பச்சைத் தண்ணீர்.
'செக்ரட்டரி, மினிட்சில் எழுதணும்' என்று
படியிறங்கி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டிலில் பாதி மிச்சம்.
மெகருன்னிசா அதை எடுத்துக்கொண்டு மாடியேறி
அடுத்த கதவைத் தட்டினார்.
மூன்று பி.
என் கதவு.

சிரித்துக்கொண்டேதான் ஊற்றினேன்.

விடிகாலை ஐந்தரைக்குப் போனில் ஒரு படம்,
ஒரு வார்த்தை இல்லாமல்.
கறையின் நடுவில்
மயில் கழுத்து நிறத்தில்
விழப்போகும் ஒரு சொட்டு.

பிளம்பர் பொன்னுமணி சுவரில் காது வைத்துச் சொன்னான்:
என் குழாய் உள்ளுக்குள்ளேயே வளைந்து
பக்கத்து வீட்டுத் தரைக்குக் கீழே போகிறது,
கட்டியவனுக்கு ஒரு எல்போ மிச்சம்.
மூவாயிரத்து நானூறு ரூபாய், இரண்டு டீ.
பன்னிரண்டாவது கடிதத்தை
எனக்கே எழுதி, ரசீதும் வைத்தேன்.
'தவறும் பட்சத்தில்' மட்டும் எழுத வரவில்லை.

இப்போது விதிப் புத்தகத்தில்
நாற்பத்து மூன்றாம் பக்கம் ஒட்டியிருக்கிறது:
கசிவென்றால் முதலில் நீலம், பிறகு கடிதம்.
நீலம் சங்கச் செலவு.
ஆறு அங்குலம் மேலுக்கும் கீழுக்கும் பாதிப்பாதி.
'நீலம், மூன்று பாட்டில், இதென்ன?' என்று
ஆடிட்டர் பென்சிலில் சுழித்திருக்கிறார்.

சுகதன் என்னோடு பேசுவதில்லை.
பதினொரு கடிதத்தையும் எண் போட்டு
கோப்பில் வைத்திருக்கிறாராம்.

இரண்டு சி-க்கு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினேன்.
'சுத்தி அடிச்சாப் போதும்,
அந்த நீலத்த விட்டுடுங்க' என்றாராம் மெகருன்னிசா,
'அடுத்த செக்ரட்டரிக்குக் காட்டணும்.'