மூன்றாவது வண்டி

பனிப்புயல். மலைச்சாலை மூடியிருந்தது.
தடுப்புக்கட்டை முன் ஏழு வண்டிகள்.
மூன்றாவது என்னுடையது.
பக்கத்து இருக்கையில் காகிதப் பை,
உள்ளே முப்பத்தைந்து மாத்திரைகள்,
சீட்டில் பெயர்: ஓட்வார் மீக்லபுஸ்ட், பெர்லவோக்.

திங்கள் காலை கிளம்பிய கொப்புளம்.
சட்டை உரசியதாக்கும் என்று இருந்துவிட்டாராம்.
இன்று புதன், இரவு ஒன்பது.
மூன்று நாளைக்குள் முதல் மாத்திரை
உள்ளே போய்விட வேண்டும்.
விடிந்தால் கணக்கு முடிகிறது
(விடிவதில்லை இங்கே, டிசம்பரில்).

எங்கள் மொழியில் அக்கிக்குப் பெயர்
நரக நெருப்பு.
ஆறு வயதில் வந்த சின்னம்மை
போய்விட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.
முதுகெலும்பை ஒட்டி ஒரு நரம்பின் வேரில்
ஐம்பத்திரண்டு வருடம் வாடகை தராமல் குடியிருந்தது.

மாத்திரை அதைக் கொல்லாது.
கடைக்கு வருகிறவர்களிடம் நான் பொய் சொல்வதில்லை.
அது தன்னையே பிரதி எடுத்துக்கொண்டிருக்கையில்
இது ஒரு போலி எழுத்தை நீட்டும்.
வாக்கியம் அங்கேயே நின்றுபோகும்.
அவ்வளவுதான்.

ஒன்பதேகாலுக்குப் பனிவாரி வண்டி வந்தது.
அதன் மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பார்த்து
ஒன்றன் வாலை ஒன்று பிடித்ததுபோல் போனோம்.
ஓரிடத்தில் அது நின்றது.
ஏனென்று தெரியவில்லை.
பிறகு நகர்ந்தது.

மறுபக்கத்தில் ஓட்டுநர் இறங்கினார்,
இடது கையை உடம்பில் படவிடாமல்,
அக்குளில் நிறைகிண்ணம் வைத்திருப்பவர்போல.
நேராக என் கண்ணாடியைத் தட்டினார்.
"மருந்துக்கடைதானே? நான்தான் ஓட்வார்."

திறந்த ஜாக்கெட்டுக்குள்
பூப்போட்ட பட்டு ரவிக்கை.
"மனைவியுடையது. வேறெந்தத் துணியும் ஆகவில்லை."
"இந்த நிலையில் வேலையா?"
"வேறு ஆள் இல்லை. நான் வராவிட்டால்
நீங்கள் எப்படி வருவீர்கள்?"

ஆறிப்போன காபியில் முதல் மாத்திரை.
ஐந்து வேளை, ஏழு நாள், என்றேன்.
காய்ந்துவிட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள்.
தண்ணீர் நிறைய.
கர்ப்பிணிகள் வீட்டில்?
மகள், என்றார். எட்டாம் மாதம்.
அவளுக்கு அம்மை வந்ததாக நினைவில்லை.
அப்படியானால் கொப்புளம் காயும்வரை
அந்தப் பக்கம் போகாதீர்கள்.
முதல்முறையாக முகம் சுருங்கியது;
வலியில்கூட அப்படிச் சுருங்கவில்லை.

"எரிச்சல் போய்விடுமா?"
"கொப்புளம் சீக்கிரம் ஆறும்.
நரம்புக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது."

தலையாட்டினார்.
அந்தப் பக்கம் போகவேண்டிய நான்கு வண்டிகள்
விளக்கெரியக் காத்திருந்தன.
வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறி
வண்டியைத் திருப்பினார்.

நாங்கள் வந்த தடம்
அதற்குள் பாதி தூர்ந்திருந்தது.