புதுவயல், இரண்டாம் நேர்காணல்

"உங்க வீட்டை வரைங்க" என்றேன்.
பஞ்சவர்ணம் பென்சிலைத் தொடவில்லை.
சொளகைக் கவிழ்த்துப் போட்டாள்.
தூக்குவாளி மூடி, அடுப்படி.
ஊதா ரப்பர் வளையல், மகள்;
மூடியை விட்டு வெகுதூரம் தள்ளி,
திருப்பூர்ப் பக்கமாய்.
நாலு நெல்மணி, அரிசி ஆலை.
"ஆலை இத்தனை சின்னதா?"
"கூலி அம்புட்டுத்தானே."

"வீட்டுக்காரர்?"

சுற்றிலும் தேடினாள்.
என் ரெக்கார்டரை எடுத்து
வாசல் இருக்குமிடத்தில் வைத்தாள்.
"எல்லாத்தையும் கேட்டுக்கும்.
தானா ஒரு சொல் பேசாது."
சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
"அமத்துங்க."

அப்புறம் அவள் பேசிய நாற்பது நிமிடம்
என் ஆய்வேட்டில் இல்லை.
சொளகின் படம் உண்டு,
பேருந்தில் நான் வரைந்தது, கோணலாக.
வாசலில் ஒரு கட்டம்.
அதற்குப் பெயர் எழுதவில்லை.